களப்பணிக்கு ஏற்ற கைப்பேசித் தளம் எது?

நமது நாட்டின் அலுவலகங்களில் இப்பொழுது ஒரு வாதம் அடிக்கடி எழக் காண்கிறோம். ஓர் இலாகா தன் பணிக்கெனக் கைப்பேசிச் செயலி ஒன்றைச் செய்விக்க முற்படும்பொழுது, அதனை ஆண்டிராய்டுத் தளத்திற்குச் செய்வதா, ஐபோனின் ஐஓஎஸ் தளத்திற்குச் செய்வதா, இரண்டிற்கும் பொதுவாகச் செய்வதா, அன்றி உலாவியில் திறக்கும் வலைப்பக்கமாகவே அமைத்துவிடுவதா என்று கூட்டம் கூடி ஆலோசிக்கிறார்கள். கூட்டத்தில் அமர்ந்திருப்போர் பொறியியல் வல்லுநரும் மேலதிகாரிகளுமே. அச்செயலியை நாள்தோறும் கையில் ஏந்தி வயல் வரப்பிலும் பள்ளித் தாழ்வாரத்திலும் நிற்கப்போகிறவர் அங்கே இருப்பதில்லை. அவர் இல்லாத இடத்தில் நடைபெறும் இவ்வொப்பீடு, எத்துணைத் திறமையாக நடைபெற்றாலும், தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதே என் அபிப்பிராயம்.

தளம் என்ற சொல்லைச் சிறிது விளக்கிவிடுவது நலம். கைப்பேசியின் கருவிப் பகுதிகளுக்கும் நாம் திறக்கும் செயலிக்கும் இடையே ஓர் அடிப்படை மென்பொருள் நின்று பணிபுரிகிறது. திரையில் எழுத்தைக் காட்டுவது, காமிராவைத் திறப்பது, நிற்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை அறிவது, விவரத்தைச் சேமிப்பது ஆகிய யாவற்றையும் செயலி இதனிடம் கேட்டே பெறுகிறது. இதுவே இயங்குதளம். ஒரு தளத்திற்கென எழுதிய செயலி மற்றொன்றில் ஓடாது. மீட்டர் கேஜ் வண்டி அகலப் பாதையில் ஓடாததைப் போன்றதே இது. 2007ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2008 ஜூலையில் செயலிகளுக்கென ஓர் அங்காடியைத் திறந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில், கூகுள் நிறுவனத்தின் ஆதரவில் உருவான ஆண்டிராய்டுத் தளத்தில் இயங்கும் முதற் கைப்பேசி வெளிவந்தது. அன்று போட்டியில் இருந்த வேறு பல தளங்கள் மறைந்துபோக, இன்று பெரும்பாலும் இவ்விரண்டே எஞ்சியுள்ளன.

வல்லுநர் கூட்டங்களில் வழங்கப்பெறும் ஒப்பீட்டுப் பட்டியல் ஒருவாறு இவ்வண்ணம் இருக்கும். ஐஓஎஸ் செயலியைக் கட்டி முடிப்பதற்கு ஆப்பிளின் மேக் கணினி வேண்டும். ஆண்டிராய்டுக்குச் சாதாரணக் கணினி போதும். ஆப்பிளின் அங்காடியில் செயலியை வைப்பதற்கு ஆண்டுதோறும் 99 டாலர் கட்டணம். கூகுள் அங்காடியில் ஒரே முறை 25 டாலர். முன்னதற்கு ஸ்விஃப்ட் என்னும் மொழியிலும், பின்னதற்குக் கோட்லின் என்னும் மொழியிலும் இப்பொழுது எழுதுகிறார்கள். ஐபோன் ஒரே நிறுவனத்தின் படைப்பாதலால் அதன் வகைகள் சிலவே. சோதித்துப் பார்ப்பது எளிது. ஆண்டிராய்டையோ எண்ணற்ற நிறுவனங்கள் தத்தம் கைப்பேசிகளில் ஏற்றி விற்கின்றன. புதிய பதிப்புகள் வந்து சேர்வதிலும் ஐபோனே முந்தி நிற்கிறது. 2015இல் வெளிவந்த ஐபோன் 6எஸ், ஆறு ஆண்டுகள் கழிந்து 2021இல் வெளியான ஐஓஎஸ் 15ஆம் பதிப்பையும் ஏற்றுக்கொண்டது. குறைந்த விலை ஆண்டிராய்டுக் கைப்பேசிகளுள் பல, வாங்கிய பதிப்பிலேயே ஆயுள் முழுவதும் கழித்துவிடுகின்றன.

இவை யாவும் உண்மையே. இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஐஓஎஸே சிறந்தது என்று ஒருவர் வாதிட்டால் அவரை மறுப்பது எளிதன்று. செயலியை எழுதுகிறவருடைய வசதியை மட்டும் கருதினால் அவர் சொல்வதே சரி.

ஆனால் நம் நாட்டில் கைப்பேசியை ஏந்தியிருக்கும் கைகளைப் பார்க்க வேண்டும். கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரல் 2ஆம் நாள், ஆரோக்கிய சேது என்னும் செயலியை நடுவணரசு ஆண்டிராய்டு, ஐஓஎஸ் ஆகிய இரு தளங்களிலும் வெளியிட்டது. அடுத்த மாதம் 26ஆம் நாள் அதன் ஆண்டிராய்டு வடிவத்தின் மூல நிரலைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டபொழுது, அச்செயலியை உபயோகிப்போருள் ஏறக்குறைய 98 சதவீதத்தினர் ஆண்டிராய்டிலேயே உள்ளனர் என்று அரசே அறிவித்தது. இஃது ஒருபுறம் இருக்க, அதே மே மாதத்தில் வேறிரண்டு செயல்களும் நடைபெற்றன. பொத்தான்களையுடைய ஜியோபோனுக்கென, அதில் உள்ள கைஓஎஸ் என்னும் தளத்திற்குத் தனியே ஒரு வடிவம் செய்யப்பட்டது. ஸ்மார்ட்போனே இல்லாதவர்கள் 1921 என்னும் இலவச எண்ணை அழைத்தால், மறு அழைப்பில் கேள்விகள் கேட்டு விடை பெறும் ஏற்பாடும் செய்யப்பட்டது. ஒரு பெரும் செயலியைச் செய்து முடித்த சில வாரங்களுக்குள்ளேயே, அச்செயலி சென்றெட்டாத மக்கள் கோடிக்கணக்கில் உள்ளனர் என்ற உண்மை அதனைச் செய்தோரை எதிர்கொண்டது. முதல் நாளிலேயே இக்கணக்கைப் போட்டிருக்கலாம் என்று இன்று சொல்வது எளிது. அவசர காலத்தில் செய்த பணியை அவ்வாறு குறைகூறுவது என் நோக்கமன்று. அவசரமில்லாத காலத்திலும் நாம் அக்கணக்கைப் போடுவதில்லை என்பதே என் குறை.

நான் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பயிர் அறுவடைச் சோதனைக்கென ஓர் அலுவலகம் செய்வித்த செயலியைக் களப்பணியாளருக்குக் கற்பிக்கும் வகுப்பில் நானும் ஒரு பயிற்றுநராக இருந்தேன். இச்சோதனையைப் பற்றி அறியாத ஆசிரியர்களுக்காக ஒரு சொல்: கிராமத்தில் முறைப்படி தெரிந்தெடுத்த வயலில், பெரும்பாலான பயிர்களுக்கு 5 மீட்டர் நீள அகலமுள்ள சதுரத்தை அளந்து, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்து எடை குறிப்பார்கள். பயிர்க் காப்பீட்டில் ஒரு பகுதியின் விளைச்சல் குறைந்ததா இல்லையா என்பதை முடிவு செய்வதற்கு இவ்வெடையே ஆதாரம். ஆகவே அங்கே குறிக்கப்படும் ஓர் எண், அவ்வூர் உழவர் பலருக்குக் கிடைக்கும் இழப்பீட்டோடு தொடர்புடையது.

வகுப்பின் தொடக்கத்தில், வந்திருந்தோர் எல்லோரும் தம் கைப்பேசிகளை நடுமேசைமேல் வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அக்காட்சி எனக்கு ஒரு பாடமாயிற்று. ஐபோன் ஒன்றுகூட இல்லை. இருந்தவை யாவும் ஆண்டிராய்டு என்றாலும், அவற்றுள் ஐந்து வெவ்வேறு பதிப்புகள் இருந்தன. திரை உடைந்து ஒட்டுத்தாளால் ஒட்டியது ஒன்று. நினைவகம் முழுவதும் வாட்ஸ்அப் படங்களால் நிறைந்து, மேலும் ஒரு செயலிக்கு இடமில்லாதவை சில. மகனுடைய கைப்பேசியை அன்றைக்கு மட்டும் இரவல் வாங்கி வந்தவரும் ஒருவர் இருந்தார். நாங்கள் கற்பிக்க வந்த செயலி, அலுவலகத்தில் வாங்கி வைத்திருந்த புதிய கைப்பேசி ஒன்றில் மட்டுமே சோதிக்கப்பட்டிருந்தது. மேசைமேல் இருந்தவற்றுள் மூன்றில் அது ஏறவே இல்லை. மற்றவற்றில் ஏறியது, வகுப்பறையின் வைஃபை இணைப்பில் ஒழுங்காக ஓடியது. நாங்களும் மனநிறைவோடு திரும்பினோம்.

இடர் பிறகு வயலில் வந்தது. ஒரு பணியாளர் நெல் வயலில் சதுரம் அளந்து, அறுத்து, எடை போட்டு, படமும் எடுத்துப் பதிவைச் செயலியில் நிரப்பினார். அங்கே சிக்னல் இல்லை. சாலைக்குப் போனதும் தானே அனுப்பிக்கொள்ளும் என்று அவருக்குச் சொல்லியிருந்தோம். கைப்பேசியைப் பூட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாலைக்கு வந்து பார்த்தபொழுது பதிவைக் காணவில்லை. காகிதத்தில் குறித்து வைக்க வேண்டியதில்லை என்று நாங்களே பயிற்சியில் கூறியிருந்ததால், அவர் குறித்து வைக்கவுமில்லை. அறுத்த வயலை மறுபடி அறுக்க இயலுமா? அச்சோதனை வீணாயிற்று. அதற்கு விளக்கம் கேட்டு வந்த குறிப்பாணையோ செயலியைச் செய்தவருக்கு வரவில்லை. வயலில் நின்றவருக்கு வந்தது.

நடந்தது என்ன என்பதைப் பின்னர் ஆராய்ந்தோம். இரண்டு காரணங்கள் ஒன்றாகக் கூடியிருந்தன. பாட்டரி நீடித்து உழைக்க வேண்டும் என்பதற்காகச் சில கைப்பேசி நிறுவனங்கள், ஆண்டிராய்டுத் தளத்தில் தாமே சில மாற்றங்களைச் செய்கின்றன. திரை அணைந்து சிறிது நேரம் கழிந்ததும், பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளை அம்மாற்றம் நிறுத்திவிடுகிறது. இது கூகுள் வகுத்த பொது ஒழுங்கிற்கும் மேற்பட்டது. நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடுவது. இது முதற் காரணம். செயலியோ, நிரப்பிய பதிவைக் கைப்பேசியின் நிலையான சேமிப்பில் உடனே எழுதாமல், சர்வர் பெற்றுக்கொள்ளும்வரை தற்காலிக நினைவிலேயே வைத்திருந்தது. நிறுத்தப்பட்ட கணத்தில் அந்நினைவும் அழிந்தது. இது இரண்டாவது காரணம். புதிய கைப்பேசியிலும், வைஃபை உள்ள அறையிலும் இவ்விரண்டும் ஒருபோதும் வெளிப்பட்டிரா.

இவ்வனுபவத்திற்குப் பின், தளங்களை ஒப்பிடும் பட்டியல்களை நான் வேறு கண்ணோடு பார்க்கலானேன். ஆண்டிராய்டு என்பது ஒரு தளமன்று. ஒரே பெயர் தாங்கிய பல தளங்கள் என்று கொள்வதே பொருந்தும். அதன் மூல நிரல் பொதுவில் கிடைப்பதாலேயே எந்த நிறுவனமும் அதனை எடுத்து மலிவான கைப்பேசி செய்ய முடிகிறது. நம் ஊர்ச் சந்தைவரை அது வந்து சேர்ந்ததும் அதனால்தான். அதே காரணத்தால் அதன் நடத்தை கைக்குக் கை மாறுபடுகிறது. வரமும் இடரும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. (திறந்த தளம் என்று சொல்லப்படுவதும் முற்றிலும் திறந்ததன்று. ஆண்டிராய்டின் வழியே தனக்குள்ள ஆதிக்கத்தைத் தவறாக உபயோகித்தது என்று கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுள் நிறுவனத்திற்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்ததை அன்பர்கள் நினைவுகூரலாம்.) எனவே, ஆண்டிராய்டில் செய்வோம் என்று ஓர் இலாகா தீர்மானித்தால், அத்தீர்மானம் பாதியளவே ஆனது. எந்தப் பதிப்பிற்குக் கீழே இறங்கமாட்டோம், எவ்வளவு நினைவகம் உள்ள கைப்பேசியில் ஓடும்படி செய்வோம், எந்த எந்த மலிவு வகைகளில் சோதிப்போம் என்பதையும் எழுதி முடித்தாலன்றி அது தீர்மானம் ஆகாது.

இரு தளங்களுக்கும் ஒரே நிரலில் எழுதும் முறைகள் இப்பொழுது பெருகியுள்ளன. 2015இல் ஃபேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ், 2018 டிசம்பரில் கூகுள் முதற் பதிப்பாக வெளியிட்ட ஃபிளட்டர் ஆகியவை பெயர் பெற்றவை. இரட்டை வேலையைக் குறைப்பதால் இவற்றைப் பொறியியலார் விரும்புவதில் வியப்பில்லை. படிவங்களை நிரப்பும் செயலிகளுக்கு இவை போதியவையும்கூட. ஆனால் மேலே கூறிய இடரை இவை தீர்ப்பதில்லை. பின்னணி வேலையை நிறுத்தும் கைப்பேசி, எம்மொழியில் எழுதினாலும் நிறுத்தும்.

வலைப்பக்கமாகவே அமைப்பது பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில், இது செலவு குறைந்த வழியென்று இப்பொழுது பல இடங்களில் பரிந்துரைக்கப்படுகிறது. எந்தத் தளமாயினும் உலாவி இருக்கும், அங்காடி வேண்டுவதில்லை, கட்டணம் இல்லை, திருத்தம் செய்தால் உடனே எல்லோருக்கும் கிடைக்கும். இணைப்பு இல்லாதபொழுதும் பக்கம் திறக்கும்படி செய்யும் நுட்பமும் வந்துவிட்டது. வானிலை அறிவிப்பு, பாடநூற் பக்கம், அரசாணை போன்றவற்றைப் படிப்பதற்கு இதனினும் சிறந்த வழி வேறில்லை என்றே நானும் கருதுகிறேன். ஆனால் களத்தில் விவரம் திரட்டுவதற்கு இது ஏற்றதா? உலாவிக்குள் சேமித்த விவரம் உலாவிக்குரியது, செயலிக்குரியதன்று. இடம் போதாமற் போனால் உலாவி அதனை அழித்துவிடலாம். ஐபோனில் உள்ள சஃபாரி உலாவியில் 2020 மார்ச்சு முதல் ஓர் ஏற்பாடு உண்டு: உலாவியை உபயோகித்த ஏழு நாட்களுக்குள் பயனர் ஒரு வலைத்தளத்தைத் தொடாவிட்டால், அத்தளம் சேமித்து வைத்த விவரம் நீக்கப்படும். விளம்பர நிறுவனங்கள் மக்களைப் பின்தொடர்வதைத் தடுப்பதே இதன் நோக்கம், நல்ல நோக்கந்தான். முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்ட பக்கங்களுக்கு விலக்கும் அளிக்கப்பட்டுள்ளது. ஆயினும், மலைக்கிராமத்தில் பத்து நாள் தங்கிப் பணிபுரிகிறவர், முகப்புத் திரையில் சேர்க்க மறந்திருந்தால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆண்டிராய்டிற்கு உள்ள ஒரு தனி வசதியையும் குறிப்பிடாமல் விடுதற்கில்லை. அங்காடி வழியே அன்றிக் கோப்பாகவே செயலியைக் கைக்குக் கை கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். சிக்னல் இல்லாத ஒன்றியத்தில், ஒருவர் நகரில் இறக்கி வந்து மற்றவர்களுக்கு ப்ளூடூத் வழியே கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன். அதே வாயில் வழியேதான் இப்பொழுது மோசக்காரரும் நுழைகின்றனர். அரசுத் திட்டத்தின் பெயரையோ போக்குவரத்து அபராத அறிவிப்பையோ காட்டி, போலிச் செயலிக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வங்கிப் பணத்தைத் திருடுகிறார்கள். ஆதலால் இலாகாக்கள் கோப்பாகச் செயலி அனுப்பும் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. நாமே அவ்வாறு அனுப்பிப் பழக்கிவிட்டால், உண்மையான கோப்பு எது, போலி எது என்று கிராமத்துப் பணியாளர் எவ்வாறு பகுத்தறிவார்?

இனி, தளங்கள் சாவதைப் பற்றி. நோக்கியாவின் சிம்பியன் ஒரு காலத்தில் உலகின் முதல் தளமாக விளங்கியது, இன்று இல்லை. மைக்ரோசாப்டின் கைப்பேசித் தளத்திற்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிவுற்றது. பிளாக்பெர்ரியின் பழைய தளத்திற்குரிய சேவைகள் 2022 ஜனவரி 4ஆம் நாள் நிறுத்தப்பட்டன. இத்தளங்களுக்கெனச் செய்த செயலிகள் யாவும் அவற்றோடு போயின. இதனின்று தப்பிய ஒன்றைச் சொல்வது பயனுடையது. ஜாவா மொழியில் சிறு நிரல்களை ஓட்டும் பொத்தான் கைப்பேசிகள் வழங்கிய காலத்தில், சுகாதாரப் பணியாளருக்கான படிவங்களைக் காட்டுவதற்கென ஜாவாரோசா என்ற பொது மென்பொருள் உருவாயிற்று. கேள்விகள், விடைகளின் எல்லை, எந்த விடைக்குப் பின் எந்தக் கேள்வி என்ற ஒழுங்கு ஆகியவற்றைச் செயலியினுள் புதைத்து எழுதாமல், எக்ஸ்ஃபார்ம்ஸ் என்னும் பொது இலக்கணத்தில் தனியே ஒரு கோப்பாக எழுதுவது அதன் முறை. 2008இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் ஆண்டிராய்டிற்கென ஓப்பன் டேட்டா கிட் என்னும் கருவியைத் தொடங்கியபொழுது, அதே மென்பொருளை அடிப்படையாக எடுத்துக்கொண்டனர். ஜாவாக் கைப்பேசிகள் மறைந்தன; படிவத்தின் இலக்கணம் நிலைத்தது. இன்று அக்கருவியில் ஒரு படிவத்தைச் செய்ய நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. எக்செல் அட்டவணையில் வரிசையாகக் கேள்விகளை எழுதத் தெரிந்தால் போதும். ஒரு பள்ளி ஆசிரியர் தாமே செய்துகொள்ளலாம். நிரப்பிய படிவம் முதலில் கைப்பேசியில் சேமிக்கப்பட்டு, பிறகே அனுப்பப்படும். அனுப்பாதவை எத்தனை என்பதும் திரையில் தெரியும். நாங்கள் பெருஞ்செலவில் புதிதாகச் செய்வித்த செயலியில் இல்லாத இரண்டும், இலவசமாகக் கிடைக்கும் பழைய கருவியில் இருந்தன. அக்கருவி ஆண்டிராய்டில் மட்டுமே செயலியாக ஓடுகிறது என்பதும், ஒப்பீட்டுப் பட்டியலில் அது அதற்கு எதிராகவே எழுதப்பட்டிருந்தது என்பதும் இவ்விடத்தில் நினைவிற்கு வருகின்றன.

பழைய கைப்பேசிகளையும் தாங்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. குழந்தைகளின் எடை, தாய்மாரின் உடல்நிலை, குடும்பத்தின் வருமானம் ஆகியவற்றை அத்தகைய கைப்பேசியில் வைப்பது, பூட்டுப் பழுதான பெட்டியில் வைப்பதற்கு ஒப்பாகும். இம்மறுப்பை நான் முழுவதும் ஏற்கிறேன். கால எல்லையும் நாம் நினைப்பதைவிட விரைவாக வருகிறது. 2018இல் வெளியான ஆண்டிராய்டு 9ஆம் பதிப்புக்குக் குரோம் உலாவியின் 138ஆம் பதிப்பே கடைசி. அது 2025இல் வெளிவந்தது. ஏழாண்டுக் கைப்பேசி இனி பாதுகாப்பானதன்று என்று பொருள். ஆயினும் இதிலிருந்து பிறக்கும் முடிவு, அக்கைப்பேசியை உடையவரைக் கைவிடலாம் என்பதன்று. அரசுப் பணிக்குப் பாதுகாப்பான கருவி வேண்டுமெனில் அதனை அரசு வாங்கித்தர வேண்டும். பழுது பார்க்கவும், காலாவதியானால் மாற்றவும் வேண்டும். அளவுகோலையும் தராசையும் களப்பணியாளர் தம் சம்பளத்தில் வாங்கி வருமாறு எந்த இலாகாவும் கேட்பதில்லை. கைப்பேசியை மட்டும் ஏன் கேட்கிறோம்?

வாங்கித் தந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. அங்கன்வாடிப் பணியாளருக்கெனப் போஷண் இயக்கத்தின்கீழ் 2018இல் ஒரு செயலி நாடெங்கும் புகுத்தப்பட்டது. அதற்குப் பதிலாகப் போஷண் டிராக்கர் என்னும் வேறொரு செயலி 2021 மார்ச்சில் வந்தது. அவ்வாண்டில் மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடிப் பணியாளர் பலர், தமக்கு வழங்கப்பட்டிருந்த கைப்பேசிகளை அதிகாரிகளிடமே திருப்பிக் கொடுத்தனர். கைப்பேசியின் நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே, புதிய செயலியின் சுமையை அது தாங்கவில்லை, அடிக்கடி பழுதாகிறது, செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது என்பன அவர்கள் கூறிய குறைகள். இக்குறைகளுள் ஒன்றேனும் ஐஓஎஸா ஆண்டிராய்டா என்ற வினாவிற்கு உரியதா? தளம் சரியாகவே தெரிந்தெடுக்கப்பட்டிருந்தது. அத்தளத்தின் எந்த அடித்தட்டில் பணியாளர் நிற்கிறார் என்பது கருதப்படவில்லை. முன்பு செய்த செயலிக்கு ஏற்ற கைப்பேசியை, அடுத்த செயலிக்கும் ஏற்றதெனக் கொண்டனர். மொழியைப் பற்றியோ சொல்ல வேண்டுவதில்லை; மராத்தி எழுத்தையும் தமிழெழுத்தையும் செவ்வையாகக் காட்டும் ஆற்றல் இரு தளங்களுக்கும் எப்போதோ வந்துவிட்டது. மொழிபெயர்த்து ஏற்றுவதற்கு வேண்டியது தளத்தின் ஆற்றலன்று, இலாகாவின் எண்ணம்.

இவ்வாறெல்லாம் கூறுவதால் ஐஓஎஸ் வடிவம் வேண்டாம் என்பது என் கட்சியாகக் கொள்ளலாகாது. பணியாளர் சொந்தக் கைப்பேசியைக் கொண்டுவரும் இடத்தில் இரண்டும் வேண்டும். 2027ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இதற்கு உதாரணம். 2025 டிசம்பரில் நடுவண் அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தபொழுது, விவரங்கள் கைப்பேசிச் செயலி வழியே திரட்டப்படும் என்றும், அச்செயலி ஆண்டிராய்டு, ஐஓஎஸ் ஆகிய இரு தளங்களிலும் இருக்கும் என்றும், ஏறக்குறைய 30 இலட்சம் களப்பணியாளர் இதில் ஈடுபடுவர் என்றும் அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பாளராக நியமிக்கப்படுவோர் பெரும்பாலும் அரசுப் பள்ளி ஆசிரியர்களே. அவர்களுள் ஐபோன் வைத்திருப்போர் சிலராயினும், அச்சிலருக்கும் ஒரு வடிவம் இருந்தாக வேண்டும். கைகளை முதலில் எண்ணிப் பார்த்து, பிறகு தளத்தைத் தீர்மானித்தால் இம்முடிவே கிடைக்கும்.

இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர்களும் களப்பணியாளரும் ஆலோசனைக் கூட்டங்களுக்கு அழைக்கப்படாமல் இருக்கலாம். ஆயினும் எந்தச் செயலி கைக்கு வந்தாலும், பயிற்சி நாளன்றே அவர்கள் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கால் மணி நேரத்திற்கு மேல் ஆகாது. கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் அதன் பெயர், ஆண்டிராய்டு அல்லது ஐஓஎஸ் பதிப்பு எண், மீதமுள்ள சேமிப்பிடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. பயிற்சிக்கெனச் செயலியில் தனிப் பகுதி இருந்தால் அதிலும், இல்லையெனில் பயிற்றுநரின் அனுமதி பெற்றும், கற்பனையான ஒரு பதிவை நிரப்பத் தொடங்குக. நிரப்புமுன் கைப்பேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றி எல்லா இணைப்பையும் துண்டித்துவிடுக. பதிவை முடித்து, ஒரு படமும் சேர்த்து, திரையைப் பூட்டிப் பத்து நிமிடம் பையில் வைத்திருந்து, பிறகு கைப்பேசியை முற்றிலும் அணைத்து மீண்டும் இயக்குக. இணைப்பைக் கொடாமலேயே செயலியைத் திறந்து, அப்பதிவும் படமும் அங்கே உள்ளனவா, அனுப்பப்படாதது ஒன்று என்று திரை காட்டுகிறதா என்று பார்க்க. இருந்தால் இணைப்பைக் கொடுத்து, அது சென்று சேர்வதையும் சரிபார்த்துக்கொள்ளலாம். இல்லையெனில், குறித்து வைத்த மூன்று விவரங்களுடனும் நாளுடனும் அதனை மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகல் ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு விடை வரும்வரை காகிதக் குறிப்பேட்டையும் உடன் எடுத்துச் செல்க.